சந்தைக்குப் போன ஆக்சிஜன் மெஷின்

சோலார் பேனல் மாட்டுவது, பேட்டரிக்கு ஒயர் இழுப்பது, எந்த வேலைக்கு எந்த இன்வெர்ட்டர் என்று பார்ப்பது எல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கம்பெனியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுப்பார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு பரவியிருக்கும் லித்தியம் பேட்டரிகளைப் பற்றி நீங்கள்தான் எனக்குப் பாடம் எடுக்க வேண்டும். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஓசூரில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்த கடைசி வருஷங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளில் சில இப்போது யோசித்தாலும் சரி என்றே படுகின்றன. ஒன்றிரண்டு, நல்ல நேரத்தால் சரியாகப் போனவை. எது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம் நஸ்ரின் என்ற பெண் எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். பாரூர் பக்கம் அவர்கள் வீட்டில் கரண்ட் போனால் சமாளிக்க நாங்கள்தான் முன்பு இன்வெர்ட்டர் மாட்டியிருந்தோம். அந்தப் பழக்கத்தில் என்னைத் தேடி வந்திருந்தாள்.

"மேடம், எங்க அத்தாவை ஒரு நாள் குந்தாரப்பள்ளி சந்தைக்குக் கூட்டிட்டுப் போகணும். மெஷினோட. முடியுமா?"

அவள் அத்தா, அதாவது அப்பா, ரஹீம் பாய். வாலிபத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தக் கல் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பட்டறையை விட்டு மாட்டுத் தரகுக்கு வந்தார். குந்தாரப்பள்ளி சந்தையில் அவரைத் தெரியாத வியாபாரி கிடையாது என்பார்கள். கடைசியில் தரகும் செய்ய முடியாமல் வீட்டோடு முடங்கினார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் குழாயை மூக்கில் மாட்டியபடிதான் எல்லாம்.

எங்கள் மேனேஜர் கேட்டதும் தலையை ஆட்டினார். "வேண்டாம் மேடம். வீட்டுல மாட்டறது வேற. ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விழும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் மறுத்துவிடும் எண்ணத்தோடுதான் பாரூருக்குப் போனேன். நேரில் போய் மறுப்பது மரியாதை என்று நினைத்தேன்.

கால்வாயை ஒட்டி, கரும்புக் கொல்லைக்குப் பக்கத்தில் வீடு. பாய் வாசற்படிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழாய் அதுவரைக்கும்தான் எட்டும். அதற்கு மேல் ஓரடி வைத்தால் மூக்கிலிருந்து கழன்றுவிடும். வாசலில் யாரோ ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். பாய் கழுத்தை நீட்டி, அது கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்தார்.

"வலது பின்னங்காலைத் தூக்கி வெக்குது," என்றார். "குளம்பைப் பாக்கச் சொல்லணும்."

"பாய், ரோட்டுல மெஷின் நின்னு போனா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்று கேட்டேன்.

"தெரியும்மா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் சாகறதுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லல. மாடு பாக்கணும். நாலு பேருகிட்டப் பேசணும். அவ்வளவுதான்."

ஓசூர் திரும்பும்போது பஸ்ஸில், எத்தனை பேட்டரி வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கப் போனவள் எப்போது மனசு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் டாக்டர் சம்மதிக்காமல் தொட மாட்டேன் என்று நஸ்ரினிடம் சொல்லிவிட்டேன். கிருஷ்ணகிரியில் அவரைப் பார்க்கும் டாக்டர், மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் கூட இருக்க வேண்டும், அப்படியானால் போகலாம் என்றார். ஆக்சிஜன் அளவை அவர் வைத்த இடத்திலிருந்து யாரும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

முனிராஜின் மினி டெம்போவைப் பேசினோம். முனிராஜ் ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம். வண்டியின் பின்பக்கம் இரும்புச் சட்டம் கட்டி, மேலே இரண்டு பேனல். அடியில் பேட்டரி, இன்வெர்ட்டர், மெஷின். பாய்க்குச் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினோம். நல்ல வெயில் இருந்தால் மெஷின் தின்பதில் பெரும்பகுதியைப் பேனலே கொடுத்துவிடும். பேட்டரி மெதுவாகத்தான் இறங்கும். முதல் நாளே வீட்டு வாசலில் நிறுத்தி, அரை நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

சந்தை நாளன்று விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் பாயோடு நானும் நஸ்ரினும். குந்தாரப்பள்ளியில் டெம்போவை மாடுகள் கட்டியிருக்கும் திடலுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "பாய் வந்துட்டாரு" என்று ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட, கொஞ்ச நேரத்தில் டெம்போவைச் சுற்றிக் கூட்டம். மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க பாய், பல்லு பாருங்க" என்றார்கள். அவர் குனிந்து மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். கர்நாடகாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி, பெயர் கிருஷ்ணப்பா, மாட்டு விலை பேசுகிற வழக்கப்படி துண்டைப் போட்டு மூடி அவர் கையைப் பிடித்தார். துண்டுக்குள் விரல்கள் என்ன பேசிக்கொண்டன என்பது எனக்குத் தெரியாது. பாய் சிரித்ததை மட்டும் பார்த்தேன். மூக்கில் குழாயோடு சிரித்தார். நஸ்ரின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு முக்காட்டைச் சரி செய்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் மூட ஆரம்பித்திருந்தது. பேனலிலிருந்து வருவது பாதியாகி, பிறகு அதிலும் பாதியானது. வீடு திரும்பத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு பேட்டரியில் இருக்கும்போதே கிளம்பிவிடுவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும், "பாய், கிளம்பலாம்" என்றேன். அவர் எல்லோருக்கும் கையைத் தூக்கிக் காட்டினார்.

கிருஷ்ணகிரி வருவதற்கு முன்னால் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. எங்கள் கண்ணுக்கு லாரி தெரியவில்லை, முன்னால் நிற்கிற வண்டிகள்தான் தெரிந்தன. சற்று நேரத்தில் பின்னாலும் நிறைந்துவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. தூறல் வேறு விழ ஆரம்பித்தது. ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் பாதி கட்டி விட்டிருந்த ஒரு கடை. கரண்ட் இருக்கிற கட்டடம் எதுவும் கிட்டத்தில் இல்லை. நஸ்ரின் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள். ஆனால் அவர்களும் இதே ரோட்டில்தான் வந்தாக வேண்டும்.

இரண்டு மடங்கு என்று நான் வைத்திருந்த கணக்கு, நின்ற இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் இன்வெர்ட்டர் பீப் என்று கத்தியது. பேட்டரி இறங்குகிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை அது. உடனே நின்றுவிடாது, ஆனால் அதிக நேரமும் தராது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். முனிராஜ் இறங்கி ஓடிவந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்திருந்தார். அவர் வண்டி பேட்டரி பழசானதால் எப்போதும் வைத்திருப்பார். "மேடம், என் வண்டி பேட்டரியில இருந்து இதுக்குக் குடுத்துடலாம். என்ஜின் ஓடுனா டைனமோ சார்ஜ் ஏத்தும்ல?" என்றார். அவர் சொன்னது நல்ல யோசனை. இரண்டும் ஒரே வோல்டேஜ். டெம்போவின் சின்ன டைனமோ அந்த மெஷினை இழுக்குமா என்பது மட்டும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அதே நேரத்தில் நஸ்ரின் சிலிண்டரின் மேல் கையை வைத்திருந்தாள். திறப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். சிலிண்டர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. முனிராஜ் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியில் கடிக்க வைக்கப் போனார்.

"முனிராஜ், கையை எடுங்க," என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் கை உதறி, அந்த முனை பேட்டரி மேலேயே விழுந்திருக்கும்.

ஜம்பர் கேபிள் மாட்டும்போது பொறி பறக்கும். உங்களுக்குத் தெரியும். ஆக்சிஜன் கசிகிற இடத்தில் சின்னப் பொறி போதும், துணி, மெத்தை எல்லாம் திகுதிகுவென்று பிடித்துக்கொள்ளும். ஆக இரண்டையும் ஒரே இடத்தில் செய்யக் கூடாது. அப்படியானால் எதை முதலில் செய்வது?

பேட்டரி முழுசாக இறங்குகிற வரைக்கும் மெஷினை ஓட்டி, அதன் பிறகு சிலிண்டருக்குப் போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சிலிண்டர் கடைசித் துணை, அதைத் தொடாமல் வைத்திருப்போம் என்று மனசு சொல்லும். ஆனால் பேட்டரி செத்த பிறகு கேபிள் மாட்டினால், அந்தச் சின்ன டைனமோ பேட்டரிக்கும் கொடுக்க வேண்டும், மெஷினுக்கும் கொடுக்க வேண்டும். அது முடியாது. பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது மாட்டினால் ஓட வாய்ப்பிருக்கிறது.

"நஸ்ரின், சிலிண்டரை இப்பவே திறக்கறோம்," என்றேன். "ஆனா இங்க இல்ல. அத்தாவை அந்தக் கடைப் படிக்குக் கூட்டிட்டுப் போய்த் திறக்கறோம்."

"அது கடைசிக்குன்னுதானே மேடம் வெச்சிருக்கோம்?" என்றாள்.

"கடைசியில திறந்தா எனக்குக் கை நடுங்கும்மா. அத்தாவை அங்க நல்லா மூச்சு விட வெச்சுட்டு வந்தேன்னா, இங்க நிதானமா வேலை பாப்பேன்."

அவளும் தொழிற்சாலையில் மெஷின்களோடு இருப்பவள்தான். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மெஷின் குழாயைக் கழற்றிவிட்டு, பாயை நானும் முனிராஜும் இரண்டு பக்கமும் தாங்கி, நாலைந்து வண்டிகளுக்கு நடுவே நடத்திக்கொண்டு போனோம். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவர் உதடு நீலமாகிவிட்டது. கடைப் படியில் உட்கார வைத்து, நஸ்ரின் சிலிண்டர் குழாயை மாட்டித் திறந்தாள். டாக்டர் சொன்ன அதே அளவு. பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை அப்பால் போகச் சொன்னேன். பாயின் முகத்தில் நிறம் திரும்புகிற வரை அங்கேயே நின்றேன். நிற்க வேண்டியதில்லை, வேலை காத்திருந்தது. ஆனால் அதைப் பார்க்காமல் போயிருந்தால் என் மனசு பாதி அங்கேயே கிடந்திருக்கும்.

டெம்போவுக்குத் திரும்பி மெஷினை நிறுத்தினேன். முனிராஜை என்ஜினை ஓட விட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி இருக்கச் சொன்னேன். கேபிளை ஒவ்வொன்றாக மாட்டினேன். பொறி பறக்கத்தான் செய்தது. பிறகு மெஷினை ஓட்டினேன். என்ஜின் சத்தம் ஒரு முறை அடங்கி மறுபடி எழும்பியது. மீட்டர் முள் இறங்கி, நின்றது. ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது, கையை எடுக்கிற அளவுக்குச் சூடில்லை. அப்படியே பிடித்தபடி நின்றேன். சூடு கூடவில்லை. அதன் பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

சிலிண்டரை மூடி முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பாயை மறுபடி ஏற்றினோம். சிலிண்டரில் பாதிக்கு மேல் இருந்தது. இப்போது நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம், ஆனால் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தோம். டீசல் தீர்ந்தால் மறுபடி பழைய கதைதான்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வந்தார். சந்தையில் துண்டு போட்டுப் பேசிய கிருஷ்ணப்பா. வாங்கிய மாடுகளோடு அவரும் அங்கேதான் மாட்டியிருந்தார்.

"ஏன் பாய், ஏனாய்த்து?" என்று என்ன ஆயிற்று எனக் கன்னடத்தில் கேட்டார்.

பாய் கன்னடத்தில் ஏதோ சொன்னார். ஒரு வாக்கியம், மூச்சு, இன்னொரு வாக்கியம். பிறகு என் பக்கம் திரும்பி, மாந்தோப்புப் பக்கம் விரலைக் காட்டினார்.

"அங்க ஒரு தடம் போகும்மா. சந்தைக்கு மாடு ஓட்டிட்டு வர்ற தடம். ஏரிக்கரை மேல ஏறி, ரோட்டுக்கு அந்தாண்ட போய்ச் சேரும். வண்டி போகும். நான் எத்தனையோ தடவை வந்திருக்கேன்."

காலையிலிருந்து அவரை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தோம். அவரிடம் வழி கேட்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கிருஷ்ணப்பா ஆறேழு டிரைவர்களை இறங்க வைத்தார். ஒரு காரைப் பின்னால் தள்ளி, ஒரு பைக்கைத் தூக்கி வைத்து, டெம்போ திரும்புகிற அளவுக்கு இடம் செய்தார்கள். சாலையிலிருந்து மண்ணில் இறங்கினோம். பாயால் கத்தி வழி சொல்ல முடியாது. அதனால் முன்பக்கத் தகரத்தில் கையால் தட்டினார். ஒரு தட்டு என்றால் இடது பக்கம், இரண்டு தட்டு என்றால் வலது பக்கம். முனிராஜ் அதைக் கேட்டு ஓட்டினார். நான் ஒரு கையால் கேபிளையும் ஒரு கையால் மெஷினையும் பிடித்துக்கொண்டேன். ஏரிக்கரையில் ஏறும்போது சக்கரம் ஒரு பக்கம் வழுக்கியது. நஸ்ரின் ஏதோ ஓத ஆரம்பித்தாள். பாய் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு, நேரம் வந்ததும் இரண்டு தட்டுத் தட்டினார்.

ரோட்டில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் பங்கில் நுழைந்தோம். அங்கே வேலை செய்த பெண் நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஒயரை இழுத்துக் கொடுத்தாள். மெஷினை அவர்கள் கரண்டில் மாட்டினோம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னோம். டாக்டரிடமும் பேசினோம். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் பாயின் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தது. முனிராஜ் டீ வாங்கி வந்தார். நஸ்ரின் டயர் மேல் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீயைக் கையில் வைத்திருந்தாளே தவிர குடிக்கவில்லை.

"அடுத்த வாரம் இன்னும் சீக்கிரமா கிளம்பணும்," என்றார் பாய்.

நஸ்ரின் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு டீயைக் குடித்தாள்.

இனி இவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாளில் ஆபீஸ் வாசலில் நஸ்ரின் நின்றாள், அதே அடையாள அட்டையோடு. டைனமோவிலிருந்து தடிமனான ஒயரை ஃபியூஸ் வைத்து நிரந்தரமாகவே இழுத்துவிட முடியுமா, சிலிண்டருக்கு முன்பக்கம் ஒரு இடம் செய்ய முடியுமா, இன்னொரு பேட்டரி வைத்தால் வண்டி தாங்குமா என்று கேட்டாள். மழை நாளில் கிளம்புவதில்லை என்பதையும் அவளே சொன்னாள். எங்கள் மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்யறதுன்னா ஒழுங்கா செஞ்சு குடுத்துடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பாய் பல சந்தைகளுக்குப் போய் வந்தார். நான் கூடப் போகவில்லை. நஸ்ரினும் முனிராஜுமே பார்த்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பாயே போன் செய்தார். மத்தூரில் ஆரோக்கியமேரி என்று ஓர் அம்மா. ஒரே டாக்டரிடம் பார்ப்பதால் பழக்கம். அவருக்கும் இதே மாதிரி மெஷின். "பேத்தி புதுநன்மை வாங்கறாளாம், சர்ச்சுல முதல் தடவையா அப்பம் வாங்கற விசேஷமாம். அந்தம்மாவுக்குக் கோயிலுக்குப் போகணும்னு ஆசை. டாக்டர் சரின்னுட்டாரு. நம்ம வண்டியைக் குடுக்கலாம்னு பாக்கறேன். நீங்க ஒரு தடவை கூடப் போய் வர முடியுமாம்மா?"

"போறேன் பாய். நீங்க?"

"நான் வீட்டுக் கரண்ட்டுல இருந்துக்கறேன். நாளைக்கு வெயில் நல்லா இருக்கும்."

வெயில் நன்றாகவே இருந்தது. கோயிலின் பக்கவாட்டுக் கதவை ஒட்டி டெம்போவை நிறுத்தி, ஒயரை உள்ளே கொடுத்து, கடைசி பெஞ்சுப் பக்கத்தில் மெஷினை வைத்தோம். ஆரோக்கியமேரி அம்மா பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கவுன் போட்ட பேத்தி வரிசையில் நின்றபடி நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பாட்டியைப் பார்த்தாள். பூசை முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். கேக் வெட்டப் பக்கத்து ஹாலுக்குப் போகும் பேச்சு வந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "வீட்டுக்குப் போகணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெளியே வந்து மீட்டரைப் பார்த்தேன். வானத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். உள்ளே போனேன்.

"வேணாம்மா," என்றேன். "இன்னும் இருக்கலாம்."